பழையவையா, பிழையானவையா? குடும்ப வன்முறைக் கடுங்காய வழக்கில் தண்டனை அளவு: ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

உடன் வாழ்ந்த பெண்ணை எரித்து வேண்டுமென்றே கடுங்காயம் விளைவித்த ஒருவரின் தண்டனை குறித்து ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2016 டிசம்பர் 7 அன்று வழங்கிய தீர்ப்பை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. முந்தைய தண்டனை வழக்கத்திலிருந்து விலகுவதற்குச் சமூக மனப்பாங்கின் மாற்றம், நம்பிக்கை உறவு மீறப்பட்டமை ஆகிய இரண்டையும் அத்தீர்ப்பு காரணங்களாகக் கொள்கிறது. முதலாவது காலத்தைச் சார்ந்தது. இரண்டாவது குற்றத்தின் இயல்பைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டைத் தீர்ப்பு எதிர்கொள்ளாததால், விலக்கப்பட்ட தண்டனைகள் வெறுமனே பழையவையா, தொடக்கம் முதலே பிழையானவையா என்ற வினா விடையின்றி நின்றுவிடுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, கடுங்காயம், தண்டனை அளவு, நடப்புத் தண்டனை வழக்கம், விக்டோரியா, நம்பிக்கை உறவு.

வழக்கு

விக்டோரியா மாநிலத்தில் ஓர் ஆண், தன்னுடன் வாழ்ந்துவந்த பெண்ணின் மீது பெட்ரோலை ஊற்றி, சிகரெட் லைட்டரால் தீமூட்டினார். அப்பெண் அப்போது கருவுற்றிருந்தார். அது அந்த ஆணுக்குத் தெரியும். பெண் உயிர் பிழைத்தார். எனவே வழக்கு கொலையாக அன்றி, 1958ஆம் ஆண்டின் விக்டோரியக் குற்றச் சட்டம் 16ஆம் பிரிவின்கீழ், வேண்டுமென்றே கடுங்காயம் விளைவித்த குற்றமாக நீதிமன்றத்துக்கு வந்தது. இக்குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் உச்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகவே மேல்முறையீடுகள் அனைத்திலும் தண்டனையின் அளவு ஒன்றே விவாதப் பொருளாயிற்று.

கவுன்டி நீதிமன்றம் கடுங்காயக் குற்றத்துக்கு 14 ஆண்டுகள் விதித்தது. பிற குற்றங்களையும் சேர்த்து மொத்தத் தண்டனை 15 ஆண்டுகள். முதல் 11 ஆண்டுகளுக்குப் பரோல் இல்லை. விக்டோரிய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை வெளிப்படையாகவே மிகையானது என்று கருதி, கடுங்காயத்துக்கான தண்டனையை 10 ஆண்டு 6 மாதமாகக் குறைத்தது. அரசுத் தரப்பு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தை நாடியது. பெயரில் உயர் நீதிமன்றம் எனினும், அந்நாட்டின் இறுதி நீதிமன்றம் இதுவே. இந்திய அமைப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள இடம் அதற்கு உண்டு. பெல், கேகலர், கீன், நெட்டில், கார்டன் ஆகிய ஐந்து நீதிபதிகளும் ஒரே தீர்ப்பாக எழுதி, முதல் தண்டனையை மீட்டளித்தனர். பாதிக்கப்பட்டவரின் தனிமை கருதி, இங்கு இத்தீர்ப்பு அதன் எண்ணாலேயே, [2016] எச்சிஏ 48 என, சுட்டப்படுகிறது.

ஒரு சொல் விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பயின்ற ‘தன்னிச்சையாக’ என்னும் சொல், 39ஆம் பிரிவின் விளக்கப்படி, உள்நோக்கத்தை மட்டுமன்றி, விளைவு நேரக்கூடும் என்ற அறிவையும் தன்னுள் அடக்கியது. விக்டோரியச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. உள்நோக்கத்துடன் கடுங்காயம் விளைவித்தால் உச்சத் தண்டனை 20 ஆண்டுகள்; விளைவைப் பொருட்படுத்தாது விளைவித்தால் 15 ஆண்டுகள். கடுங்காயம் அல்லாத காயத்துக்கு இவை முறையே 10, 5 ஆண்டுகளாகும். எனவே இக்கட்டுரையில் ‘வேண்டுமென்றே’ என்பது இந்தியச் சட்டத்தின் ‘தன்னிச்சையாக’ என்பதைவிடக் குறுகிய பொருள் உடையது.

ஒப்பீடு எங்கே பிறழ்ந்தது

விக்டோரியாவின் 1991ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், தண்டனை விதிக்கும் நீதிமன்றம் கருத வேண்டியவற்றுள் நடப்புத் தண்டனை வழக்கத்தையும் ஒன்றாக 5ஆம் பிரிவில் வைத்துள்ளது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனைத் துணைகொண்டு, தீயினால் கடுங்காயம் விளைவித்த முந்தைய வழக்குகளைத் தேடிச் சேர்த்தது. அவற்றின் தண்டனைகளோடு 14 ஆண்டுகளை ஒப்பிட்டபோது இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. அவ்விடைவெளியே தண்டனைக் குறைப்பின் அடிப்படையாயிற்று.

உயர் நீதிமன்றத்தின் மறுப்பு இருவகைப்பட்டது. முதலாவது எண்ணிக்கை பற்றியது. கையிலிருந்த வழக்குகள் மிகச் சில. சிலவற்றைக்கொண்டு ஒரு வழக்கம் நிலவுகிறது என்று சொல்ல இயலாது. இது எளிய கருத்து. இதன்மேல் அதிகம் சொல்வதற்கில்லை. முந்தைய தண்டனைகள் நடந்தவற்றைக் காட்டுமேயன்றி நடக்க வேண்டியவற்றுக்கு எல்லை வகுக்கா என்பதையும், ஒருமை என்பது எண்களின் சமம் அன்று, நெறியைப் பயன்படுத்துவதில் உள்ள ஒருமையே என்பதையும் அந்நீதிமன்றம் [2010] எச்சிஏ 45 என்னும் தீர்ப்பிலேயே தெளிவுபடுத்தியிருந்தது.

இரண்டாவது மறுப்புத்தான் ஆழமானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புமைக்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் தீ. எரித்தவர்கள் எல்லாரும் ஒரு வரிசையில் வைக்கப்பட்டனர். எரித்தவருக்கும் எரிக்கப்பட்டவருக்கும் இடையே இருந்த உறவு அவ்வரிசையில் இடம்பெறவில்லை. உறவு புறக்கணிக்கப்பட்ட நிலையில் ஒப்பீடு உடலின் மேற்பரப்பைப் பற்றியதாகச் சுருங்கிவிடுகிறது: எவ்வளவு தோல் எரிந்தது, எத்தனை அறுவை சிகிச்சைகள், எவ்வளவு தழும்பு. குடும்ப வன்முறைக் குற்றம் தவறாமல் உள்ளடக்கியிருக்கும் நம்பிக்கை மீறலும், அதனைத் தடுத்தாக வேண்டிய தேவையும் ஒப்பீட்டில் கருதப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சுட்டியது. ஒப்புமை எதன்மீது கட்டப்படுகிறது என்று கேட்டதே இத்தீர்ப்பின் முதன்மையான சாதனை. எரிப்பு என்பது குற்றத்தின் கருவி மட்டுமே என்பதும், கருவியைக்கொண்டு குற்றங்களை இனம்பிரித்தால் குற்றத்தின் பொருள் மறைந்துபோகும் என்பதும் இதனால் பெறப்படும்.

‘மிக மோசமான வகை’ என்ற தொடரைப் பற்றியும் தீர்ப்பு பயனுள்ள ஒன்றைச் சொல்கிறது. குற்றத்தின் இயல்பும் குற்றவாளியின் நிலையும் சேர்ந்து உச்சத் தண்டனையையே வேண்டும்போது மட்டும் இத்தொடரைப் பயன்படுத்த வேண்டும். மற்ற இடங்களில் தவிர்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. இதைவிட மோசமான ஒன்றைக் கற்பனை செய்ய இயலும் என்பதற்காகத் தண்டனை குறைய வேண்டியதில்லை என்ற [1988] எச்சிஏ 14 தீர்ப்பின் கருத்தும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. வீட்டுக்குள் நிகழும் வன்முறையில் இக்கற்பனைக்கு ஒரு தனித் தீமை உண்டு. ‘உயிரோடு விட்டாரே’ என்னும் ஆறுதல் மொழி உறவினரிடம் மட்டுமன்றி வாதுரைகளிலும் உருமாறி வந்துவிடக்கூடியது.

இரண்டு காரணங்கள்

இனி இத்தீர்ப்பின் குறைபாட்டுக்கு வரலாம். குடும்ப வன்முறைக் குற்றங்களுக்கான இன்றைய தண்டனை வழக்கம் முந்தைய வழக்கத்திலிருந்து விலகி நிற்பதற்குக் காரணம், இல்வாழ்வு உறவுகள் பற்றிய சமூக மனப்பாங்கு மாறியமையே என்று தீர்ப்பு கூறுகிறது. அதே தீர்ப்பு நம்பிக்கை மீறலையும் கூறுகிறது. இரண்டும் ஒரே திசையில் தண்டனையை உயர்த்துவதால், அவை ஒன்றுக்கொன்று துணைசெய்வனபோலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

நம்பிக்கை மீறல் குற்றத்தின் உள்ளேயே இருப்பது. உடன் வாழ்பவர் அருகில் உறங்குகிறார், உண்கிறார், கதவைத் தாழிடுவதில்லை. தாக்குபவருக்கு வாய்ப்பைத் தருவதே அந்த நம்பிக்கைதான். இது 2016இல் தோன்றிய உண்மை அன்று. 1960இலும் இல்லத்தில் தாக்கப்பட்ட பெண்ணின் நம்பிக்கை இதே முறையில்தான் மீறப்பட்டது. எனவே நம்பிக்கை மீறலே காரணம் எனின், அதனைக் கணக்கில் கொள்ளாத முந்தைய தண்டனைகள் விதிக்கப்பட்ட நாளிலேயே குறையுடையவை.

சமூக மனப்பாங்கு அப்படிப்பட்டதன்று. அது காலத்தோடு மாறுவது. அதுவே காரணம் எனின், முந்தைய தண்டனைகள் அவற்றின் காலத்துக்குப் பொருத்தமானவை. இன்றைக்குப் பழையவை, அவ்வளவே. இவ்விரண்டாம் பாதை நீதிமன்றத்துக்கு வசதியானது. முன்னிருந்த நீதிபதிகள் தவறினர் என்று சொல்ல வேண்டியதில்லை. உலகம் மாறியது, தண்டனையும் மாறியது என்று சொன்னால் போதும். பொதுச் சட்ட மரபு தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைதியான முறை இதுவே என்று இதனை ஆதரித்தும் வாதிடலாம். அவ்வாதத்தில் வலு இல்லாமலில்லை. குற்றவாளியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு நியாயம் உண்டு: நேற்றுவரை நிலவிய அளவைப் பிழை என்று அறிவிக்கும் நீதிமன்றம், அதன் சுமையை இன்று தன்முன் நிற்கும் ஒருவர்மீது ஏற்றுகிறது.

எனினும் மனப்பாங்கைக் காரணமாக்குவதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒன்று, மனப்பாங்கு மாறியதை நீதிமன்றம் எங்கிருந்து அறிந்தது என்பது. தீர்ப்பு அதனை ஒரு முடிவாகவே முன்வைக்கிறது, விரித்து நிறுவவில்லை. நிறுவுவதற்கு வேண்டிய பொருள் இல்லாமலில்லை. 2008இல் விக்டோரியாவில் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆத்திரமூட்டப்பட்டமையைக் காட்டிக் கொலைக் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளும் எதிர்வாதத்தை அம்மாநிலம் 2005இலேயே நீக்கியிருந்தது. 2015இல் அமைக்கப்பட்ட குடும்ப வன்முறை குறித்த அரச ஆணையம் 227 பரிந்துரைகளுடன் அளித்த அறிக்கை 2016 மார்ச்சில், அதாவது இத்தீர்ப்புக்கு ஒன்பது மாதங்களுக்குள்ளாக முன்னர், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இவற்றின்மீது கட்டியிருந்தால் ‘மனப்பாங்கு’ என்பது நீதிபதியின் உணர்வாக நில்லாமல் சட்டமன்றத்தின் வெளிப்பட்ட விருப்பமாகியிருக்கும்.

இரண்டாம் இடர்ப்பாடு இன்னும் கனமானது. மனப்பாங்கு ஒருமுறை தண்டனையை உயர்த்தக்கூடும் எனின், வேறொரு முறை தாழ்த்தவும் கூடும். நெடுங்காலம் அது தாழ்த்தியே வந்தது. வீட்டுச் சண்டை வீட்டோடு என்பதும் ஒரு காலத்தின் சமூக மனப்பாங்குதான். உறவை இழிவான முறையில் தணிப்புக் காரணியாக்கிய அதே கருவி இப்போது நற்பயனுக்குக் கையாளப்படுகிறது. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு அக்கருவியைச் சார்ந்து நிற்க வேண்டிய தேவை இருந்ததா என்பதே கேள்வி. [2013] எச்சிஏ 38 என்னும் மேற்கு ஆஸ்திரேலிய வழக்கில், இணையரைக் கொன்ற பழங்குடி ஆண் ஒருவரின் தண்டனையை ஆராய்ந்தபோது இதே நீதிமன்றம் இதைவிட உறுதியான தளத்தில் நின்றது. குற்றவாளி பிறந்து வளர்ந்த சூழலின் தாழ்வு தணிப்புக்குரியதே. ஆயினும் பாதிக்கப்பட்டவர் யார் என்பதைக்கொண்டு தண்டனையைக் குறைப்பது அவரை இரண்டாந்தரக் குடிமகளாக்கும் என்பது அதன் சாரம். அங்குப் பேசப்பட்டது மனித மதிப்பு. அதற்குக் காலவரையறை இல்லை.

இதே நீதிமன்றத்தின் முன்வரலாறு

பழையது, பிழையானது என்ற இவ்வேறுபாடு கட்டுரைக்காகப் புனைந்துகொண்டதன்று. உயர் நீதிமன்றமே இதனைச் சந்தித்திருக்கிறது. மனைவியை வல்லுறவு செய்த கணவனுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்ற கொள்கையை அது 1991இல் மறுத்தது. அப்போது முதன்மைத் தீர்ப்பு கையாண்ட நடை கவனிக்கத்தக்கது: அக்கொள்கை எப்போதேனும் பொதுச் சட்டத்தின் பகுதியாக இருந்திருந்தாலும் இனி அவ்வாறில்லை என்பதே அதன் நிலைப்பாடு. இருந்ததா, இல்லையா என்பதற்கு விடை தரப்படவில்லை.

விடை தராமல் தள்ளிவைத்த வினா 2012இல் திரும்பி வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1963இல் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட வல்லுறவுக்காக ஒரு கணவர் குற்றம் சாட்டப்பட்டார். இப்போது ‘இனி’ என்ற சொல் உதவாது. 1963இல் சட்டம் எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். [2012] எச்சிஏ 21 தீர்ப்பின் பெரும்பான்மையினர், அவ்விலக்கு எப்போதேனும் இருந்திருந்தாலும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்குள் மறைந்துவிட்டது என்றனர். ஹேடன், பெல் ஆகிய இரு நீதிபதிகள் மாறுபட்டனர். அன்றைய சட்டத்தை இன்றைய கண்ணால் திருத்தி எழுதுவதில் அவர்களுக்கு உடன்பாடில்லை. அவ்விருவருள் பெல் 2016ஆம் ஆண்டு அமர்விலும் இருந்தவர். கூட்டுத் தீர்ப்பின் ஒரு தொடரைத் தனி நீதிபதி ஒருவருக்கு உரியதாக்க இயலாது. ஆயினும் கடந்தகாலத்தைக் குறைகூறாத அச்சொல்லாட்சி ஐவரும் கையொப்பமிடத்தக்க பொது நிலமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

2016இல் ஒதுக்கப்பட்ட வினா அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்தது. டால்கிளீஷ் என்ற புனைபெயரால் அறியப்படும் [2017] எச்சிஏ 41 வழக்கு, குடும்பத்துக்குள் சிறார்மீது நிகழ்ந்த பாலியல் குற்றம் பற்றியது. அங்கு விக்டோரிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வியப்பூட்டும் ஒரு நிலையை மேற்கொண்டிருந்தது: நடப்புத் தண்டனைகள் குற்றத்தின் கொடுமைக்கு ஈடாகாதவை என்று தானே கண்டறிந்த பின்னரும், நடப்பு வழக்கத்துக்குத் தான் கட்டுப்பட்டதாகக் கருதியது. உயர் நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. நடப்பு வழக்கம் கருத வேண்டிய பலவற்றுள் ஒன்று. அதுவே ஆளும் காரணி அன்று. அவ்வழக்கம் நெறிப்பிழையால் விளைந்தது எனின் அப்பிழையைத் தொடர வேண்டியதில்லை என்றது. ‘பிழை’ என்னும் சொல் இங்குத்தான் வெளிப்படையாக வருகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தடுமாற்றம் உயர் நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நேர்ந்ததன்று. ஆனால் அத்தீர்ப்பு நம்பிக்கை மீறலை முதற்காரணமாக நிறுத்தி, அதைக் கருதாத தண்டனைகள் தொடக்கத்திலேயே பிழைபட்டவை என்று சொல்லியிருந்தால், இவ்வினாவுக்கு அப்போதே விடை கிடைத்திருக்கும்.

காயமும் அச்சமும்

உறவு ஏன் தண்டனைக் கட்டத்தில் மட்டும் நுழைய நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விக்டோரியக் குற்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, காயம் என்பதில் உடற்காயத்தையும் மனநலக் கேட்டையும் அடக்குகிறது. கருவுற்ற பெண்ணின் கரு அழிக்கப்படுவதும் இப்போது கடுங்காயத்துள் அடங்கும். இவை முன்னேற்றங்களே. ஆனால் அதே பிரிவு துயரம், அச்சம், சினம் போன்ற உணர்ச்சிகளை, அவை உளக்கேட்டில் முடிந்தாலன்றி, மனநலக் கேட்டிலிருந்து நீக்கிவிடுகிறது. தெருவில் முன்பின் அறியாதவரால் தாக்கப்பட்டவருக்கு இது ஒருவாறு பொருந்தலாம். இல்லத்தில் தாக்கப்பட்டவருக்கோ அச்சமே வன்முறையின் உள்ளடக்கம். அடி அதனைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சி. இதனை அம்மாநிலச் சட்டமன்றம் அறியாததன்று. 2008ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைக் கட்டுப்படுத்தி அவரைத் தம் பாதுகாப்பு குறித்து அஞ்சச் செய்யும் நடத்தையையும் குடும்ப வன்முறை என வரையறுக்கிறது. ஒரே மாநிலத்தின் இரு சட்டங்களுள் ஒன்று அச்சத்தை மையமாக்குகிறது. மற்றொன்று விளிம்புக்குத் தள்ளுகிறது.

2013இல் சேர்க்கப்பட்ட ‘கொடிய வன்முறை’ பற்றிய பிரிவுகளும் இவ்வாறே. முன்கூட்டித் திட்டமிடல், வேறு இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருடன் சேர்ந்து தாக்குதல், செயலற்றுக் கிடப்பவரைத் தொடர்ந்து தாக்குதல் முதலிய சூழல்கள் அவற்றில் அடுக்கப்பட்டுள்ளன. தாக்கியவர் தாக்கப்பட்டவரோடு வாழ்ந்தவர் என்பது அவ்வடுக்கில் இல்லை. பட்டியலை வரைந்தவர் மனக்கண்ணில் இருந்தது இரவு நேரத் தெரு என்று எண்ணத் தோன்றுகிறது. குற்ற வரையறையில் இடம்பெறாத உறவு, தண்டனை வழங்கும் நீதிபதியின் சொற்களில்தான் இடம்பெற்றாக வேண்டும். அச்சொற்கள் எந்தக் காரணத்தின்மேல் நிற்கின்றன என்பது ஆகவே சிறிய வினா அன்று.

நடுவர் நீதிமன்றத்தில்

பெட்ரோல் ஊற்றி எரித்த வழக்கு விதிவிலக்கானது. கன்னத்தில் அறைதல், கைமுறுக்குதல் போன்றவை காயம் விளைவித்த குற்றமாகப் பெரும்பாலும் நடுவர் நீதிமன்றங்களிலேயே முடிகின்றன. வேண்டுமென்றே காயம் விளைவித்தலுக்குச் சட்டத்தில் உச்சத் தண்டனை 10 ஆண்டுகள் எனினும், விக்டோரிய நடுவர் நீதிமன்றம் ஒரு குற்றத்துக்கு 2 ஆண்டுகளுக்கு மேலும், பல குற்றங்களுக்குச் சேர்த்து 5 ஆண்டுகளுக்கு மேலும் சிறை விதிக்க இயலாது. அங்குக் காரணங்கள் பெரும்பாலும் வாய்மொழியாகவே கூறப்படுகின்றன. தீர்ப்புத் தொகுதிகளில் அவை ஏறுவது அரிது. ஆகவே அங்கு ‘நடப்பு வழக்கம்’ என்பது ஆராய்ந்து ஒப்பிடத்தக்க தீர்ப்புகளின் தொகுப்பு அன்று. வழக்கறிஞரும் நடுவரும் நினைவில் வைத்திருக்கும் பழக்கம்.

பழக்கத்தின்முன் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பின் இரு காரணங்களும் வெவ்வேறு முறையில் பயன்படும். மனப்பாங்கு மாறியது என்ற காரணம், பழைய அளவிலிருந்து சற்று உயர்த்துக என்பதற்கு மேல் எதையும் நடுவருக்குச் சொல்லாது. பழைய அளவு தொடக்கப் புள்ளியாக நீடிக்கும். நம்பிக்கை மீறல் என்ற காரணமோ தண்டனையின் வகையையே கேள்விக்குள்ளாக்கும். அபராதத்தை எடுத்துக்கொண்டால் இது புலனாகும். அறிமுகமற்றவரைத் தாக்கியவர் செலுத்தும் அபராதம் அவர் பையிலிருந்து போகிறது. உடன் வாழும் பெண்ணைத் தாக்கியவர் செலுத்தும் அபராதம், அவ்வுறவு நீடிக்கும்வரை, இருவரும் பிள்ளைகளும் உண்ணும் பணத்திலிருந்து போகிறது. பணத்தைக் கட்டுப்படுத்துவதே அவ்வீட்டின் வன்முறை வடிவமாக இருந்திருப்பின், நீதிமன்றம் அறியாமலேயே அதற்குத் துணைபோகிறது. இவ்வாறே, பாதிக்கப்பட்ட பெண் மன்னித்துவிட்டதாகக் கூறும்போது, மாறிய மனப்பாங்கு அதற்கு என்ன மதிப்பளிப்பது என்று வழிகாட்டாது. நம்பிக்கை உறவையும் அதில் உறைந்த அச்சத்தையும் அளவாகக் கொண்ட நடுவர், அம்மன்னிப்பு யார் முன்னிலையில், எந்த வீட்டிற்குத் திரும்பவேண்டிய நிலையில் சொல்லப்பட்டது என்று கேட்பார்.